திருகு இறுகியது, மரம் இறுகவில்லை

ஜவ்வாது மலையில் ஒரு வீட்டில் .315 ரைபிள் இருக்கிறது என்றால், அது பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் வீடாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது பீரோவிலேயே கிடக்கும். எப்போதாவது எண்ணெய் காணும், லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் வெளியே வரும். அதை எடுத்துப் போய் நூறு கஜத்தில் தாள் கட்டி, வட்டம் பார்த்துச் சுடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஜமுனாமரத்தூருக்கு மேலே சாமையும் பலாவும் வைத்திருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார். ஊரில் அவருக்கு 'மிலிட்டரி' என்றே பெயர். துப்பாக்கி ரிப்பேரில் நான் கற்றதில் பெரும்பாதி அவருடைய அந்த ஒரு ரைபிளில் கற்றது. ஆனால் நான் அதை ஒரு முறைகூடச் சுட்டதில்லை.

அப்பா தச்சர். கதவு, கட்டில், ஏர், கலப்பை என்று மலையில் மர வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் உளி பிடித்துப் பழகியவன் நான். கீழே டவுனில் லைசென்ஸ் வைத்துத் துப்பாக்கி பழுது பார்க்கும் பாய் ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டதும் அதனால்தான். "இரும்பு வேலைக்கு லேத் பட்டறையில ஆள் கிடைப்பான். மரத்துல கை வைக்கிறவனைத்தான் காணோம்" என்றார்.

நான் துப்பாக்கிக் கடையில் சேர்ந்த செய்தி மலை ஏறியதும் மாமன் மச்சான்கள் எல்லாருக்கும் திடீரென்று என் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கி. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். சாமை கதிர் வைக்கும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் அதை எடுத்துக்கொண்டு பரண் ஏறிய தாத்தாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. உரிமம் இல்லாததை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அவ்வப்போது ஊர் ஊராக அறிவிக்கும். "குதிரை சரியா விழ மாட்டேங்குது, கொஞ்சம் பாருடா மாப்ளே" என்று சாக்கில் சுற்றி ஒருவர் கொண்டுவந்தபோது பாய் கடைப் படியிலேயே நிறுத்திவிட்டார். காகிதம் இல்லாத துப்பாக்கி படி ஏறாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க இடம் வைத்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டி, "போய் மனு போடுங்க, உரிமம் வந்ததும் நானே பார்த்துத் தர்றேன்" என்று அனுப்பினார். அந்த உறவுக்காரர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

மிலிட்டரி ஐயா விஷயத்திலும் அதே கண்டிப்புதான். உரிமம் வைத்திருப்பவர் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கையெழுத்திட்ட கடிதம் இருக்க வேண்டும். ரிப்பேருக்காக இன்னொருவர் துப்பாக்கியைத் தூக்கிப்போக சட்டத்தின் 3ஆம் பிரிவு அந்த அளவுக்கே வழி விடுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் அவரே மலையிலிருந்து இறங்கி வருவார். வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து கவனிப்பார், நடுநடுவே என்னைக் கேள்வி கேட்பார். எனக்கு இரண்டு வாத்தியார் கிடைத்தது அப்படித்தான்.

ரைபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். .315 என்ற தோட்டா நம் ஊரில் பிறந்ததல்ல. ஆஸ்திரியாவின் மான்லிச்சர் ரைபிளுக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டா திருட்டுப் போனாலும் வெளியாள் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்று அந்த அளவைத் தனியார் கைக்கு வராமல் தடுத்தார்கள். வேட்டைக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் வேறு அளவு தேவைப்பட்டது. ராணுவத்தின் அதே லீ-என்ஃபீல்டு ரைபிள் உடம்பில் இந்த ஆஸ்திரியத் தோட்டாவைப் பொருத்தி விற்றார்கள். வெள்ளைக்காரர் போன பிறகும் அந்த ஏற்பாடு போகவில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதையே செய்து வந்தது. ஐயாவுடையது இச்சாப்பூர் முத்திரை போட்டது.

அங்குலத்தில் .315 என்பதை மில்லிமீட்டருக்கு மாற்றினால் சரியாக 8. அனைத்துலக 300 மீட்டர் ரைபிள் போட்டியில் குழல் அளவுக்கு உச்சவரம்பும் அதே 8 மில்லிமீட்டர்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது, வெளியே இன்னும் நடக்கிறது. "பேப்பர்ல பார்த்தா நம்ம ரைபிளும் அந்த வரம்புக்குள்ளதான்" என்று ஐயா சிரிப்பார். வரம்புக்குள் இருந்து என்ன பயன்? அதன் குண்டு கிட்டத்தட்ட 16 கிராம், மூக்கு மெத்தென்ற ஈயம், வேட்டைக்கும் காவலுக்கும் செய்தது. தோளை இடிக்கும். போட்டிக்கென்று பொறுக்கிச் செய்த தோட்டா இந்த அளவில் கிடைக்காது. கிளப்புகளில் பையன்கள் எல்லாம் .22லும் ஏர் ரைபிளிலும்தான் பழகுகிறார்கள். ஐயா வந்து படுத்து ஒரு வெடி போட்டால் பக்கத்து லேன்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். அவர் ஒரு பழைய பார்க்கர்-ஹேல் பீப் சைட்டை எங்கேயோ தேடிப் பிடித்து மாட்டியிருந்தார். அதன் திருகில் ஒரு மினிட் நகர்த்தினால் நூறு கஜத்தில் ஒரு அங்குலம் நகரும்.

அவருடைய புகார் இது: ஒரு காலத்தில் மூன்றங்குலத்துக்குள் விழுந்த ஐந்து குண்டும் இப்போது ஏணி வைத்து ஏறுகிறது. மேலும் கீழுமாக ஆறங்குலத்துக்கு மேல். குழல் தேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சைட் ஆடுகிறது என்று இன்னொருவர். ரைபிளைக் கழித்துவிட்டு .30-06 வாங்கச் சொன்னவரும் உண்டு.

பாய் ரைபிளைத் தொடவில்லை. "தாளு இருக்கா ஐயா?" என்றார்.

இருந்தது. அதுவும் எப்படி! பட்டாளத்துப் பழக்கம் போகுமா? ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம், வெயிலா மேகமா, ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் பென்சிலில் எத்தனையாவது குண்டு என்ற எண். மூன்று வருஷத்துத் தாள்கள் ஒரு துணிப்பைக்குள். பாய் அவற்றைத் தரையில் பரப்பினார். என்னைக் கூப்பிட்டு, "என்ன தெரியுது?" என்றார்.

முதலில் தெரிந்தது, துளைகள் அகலத்தில் பரவவில்லை என்பது. சைட் ஆடினாலோ, சுடுகிறவர் மூச்சையும் ட்ரிகரையும் சரியாகப் பிடிக்காவிட்டாலோ, இடம் வலம் என்று எல்லாத் திசையிலும் சிதறும். இவை ஒரே கோட்டில், 1, 2, 3 என்று வரிசையாக மேலே ஏறின. குழல் சூடாகச் சூடாக எதையோ முட்டிக்கொண்டு மேலே திரும்புகிறது. குழல் தேய்ந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகாது. தேய்ந்த குழலுக்கு வரிசை தெரியாது.

பாய் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார். அடுக்கியதும் ஐயாவே எழுந்து வந்து பார்த்தார். ஐப்பசி, கார்த்திகைத் தாள்கள் நன்றாக இருந்தன. மாசியில் கொஞ்சம் நீண்டிருந்தது. பங்குனி, சித்திரையில் ஏணி. அடுத்த வருஷமும் அப்படியே. ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பார்த்துக் கவலைப்பட்டவருக்கு, மொத்தமாகப் பரப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ரைபிள் இருப்பது மலையில். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூட்டம் விலகாத ஊர். சுடுவது கீழே, சமவெளியில் இருக்கும் சுடுதளத்தில். சித்திரையில் வேலூர்ப் பக்கத்து வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு அதற்கெல்லாம் அசராது. மரம் அசரும். மழைக்காலத்தில் கதவு ஏன் நிலையில் சிக்குகிறது, கோடையில் ஏன் இடைவெளி விடுகிறது என்று தச்சன் மகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்றைக்குத்தான் அந்தக் கடையில் நான் முதல்முறையாக வாயைத் திறந்தேன். "பாய், முன்கட்டைய கழட்டிப் பார்க்கலாமா?"

கழற்றுவதற்கு முன் எப்போதும் செய்கிற சடங்கு ஒன்று உண்டு. மேகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து, அறைக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். ஐயா பார்த்த பிறகும் பாய் பார்ப்பார், பாய் பார்த்த பிறகும் நான் பார்க்க வேண்டும். பிறகு குழல் வாயில் பஞ்சைச் சுற்றி இழுத்தோம். எங்காவது பிசிறு இருந்தால் ஒரு நூல் மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை. கயிறு போட்டுச் சுத்தம் செய்கிறவர்கள் துப்பாக்கியில் வாய் ஓரம் ஒரு பக்கமாகத் தேயும். ஐயா பின்பக்கமிருந்து கம்பிதான் போடுவார், ஆகவே அங்கேயும் குறை இல்லை.

முன்கட்டையை இரும்போடு பிடிப்பது ட்ரிகர் கார்டுக்கு முன்னால் இருக்கும் பெரிய திருகு. திருப்புளியை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இறுகியிருந்தது. ஐயா, "நான் ஒவ்வொரு தடவையும் டைட் பண்ணிட்டுத்தான் போறேன் தம்பி" என்றார். பாய் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்து, மெல்லிய பட்டையாக நறுக்கி என்னிடம் கொடுத்தார். மரமும் இரும்பும் சேரும் விளிம்பில் அதை நுழைக்கச் சொன்னார். இறுகிய கட்டையில் காலண்டர் தாள் நுழையக் கூடாது. அது தடையே இல்லாமல் உள்ளே போய், இன்னொரு பக்கம் நுனி தெரிந்தது.

லீ-என்ஃபீல்டில் அந்தத் திருகு மரத்தின் வழியே சும்மா போவதில்லை. சின்னக் குழாய்த் துண்டு மாதிரி ஒரு இரும்புக் காலர் அந்தத் துளைக்குள் இருக்கும். யாராவது திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் மரம் நசுங்காமல் காப்பது அதன் வேலை. அந்தக் காலர் மரத்தின் கனத்தைவிட ஒரு நூலிழை குட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் திருகு முதலில் மரத்தை அழுத்தும். கோடையில் மரம் வற்றி, கனம் குறைந்து, காலரைவிடச் சன்னமாகிவிட்டால் திருகு இரும்பை இரும்போடு பிடிக்கும். கைக்கு நன்றாக இறுகிய மாதிரி இருக்கும். மரமோ நடுவில் சும்மா தொங்கும். மழை வந்ததும் மரம் ஊறிக் கனத்து, கோளாறு தானாக மறைந்துவிடும். ஐயா ஒவ்வொரு கோடையிலும் கவலைப்பட்டு, ஒவ்வொரு ஐப்பசியிலும் நிம்மதி அடைந்ததற்குக் காரணம் இதுதான்.

காலரை எடுத்து நுண்ணிய அரத்தில் தேய்த்தோம். தேய்ப்பதென்றால் ஒரு தேய்ப்பு, ஒரு அளவு. கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாள் ஒட்டி, அதில் காலரை நிறுத்தி, எட்டு வடிவில் சுற்றிச் சுற்றி நகர்த்தினால் விளிம்பு சாயாமல் குறையும். மாட்டினால் காலண்டர் தாள் நுழையக் கூடாது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் மரத்தைக் காக்க ஒன்றும் இருக்காது.

அத்தோடு பாய் ரைபிளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். கட்டையைக் கழற்றியபோது இன்னொரு இடமும் சரியில்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. "அதையும் இப்பவே பார்த்துடலாமே" என்றேன். "ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா எது சரி பண்ணுச்சுன்னு யாருடா சொல்வான்?" என்றார். அவசரப்படும் ரிப்பேர்காரர்கள் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ஒரே நாளில் நான்கு வேலை செய்து, நான்குக்கும் காசு வாங்கி, எது பலித்தது என்று தெரியாமலே இருக்கிறார்கள். இங்கே இன்னொரு காரணமும் உண்டு. தோட்டா இஷ்டத்துக்கு வாங்கக் கிடைக்காது. லைசென்ஸில் எழுதிய அளவுதான் ஒரு வருஷத்துக்கு. ஒவ்வொரு குண்டும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஐயா சுடுதளத்தில் படுத்துச் சுட்டார். நான் பின்னால் தொலைநோக்கியில் பார்த்து எண் சொன்னேன். ஆறு அங்குலம் நாலாகக் குறைந்தது. ஏணி இன்னும் இருந்தது, குட்டையாக.

இரண்டாவது இடம் மரத்துக்குள்ளே. வெடிக்கும்போது ரைபிள் பின்னால் உதைக்கிற உதை முழுவதும், முன்கட்டையின் உள்ளே இரும்பு உடம்பு வந்து சாயும் இரண்டு சிறு முகங்களில்தான் விழும். அவை ஒவ்வொன்றும் விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த முகங்கள் கறுத்து, நகத்தால் கீறினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருந்தன. எண்ணெய். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சமயங்களில் துருப் பிடிக்குமே என்று பயந்து ஐயா எண்ணெயை ஊற்றித்தான் கொடுப்பார். ரைபிளைப் பட் கீழேயும் வாய் மேலேயுமாக நிறுத்தினால் எண்ணெய் வழிந்து போகும் இடம் அந்த மரம்தான். ஊறிய மரம் உதை வாங்கி வாங்கி நசுங்கிப் போயிருந்தது.

முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். சாக்பீஸ் தூளைக் கரைப்பானில் குழைத்துப் பூசி வெயிலில் வைத்தால், தூள் காயும்போது எண்ணெயை இழுத்துக்கொண்டு பழுப்பாக மாறும். தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். தூள் வெள்ளையாகவே காய்கிற நாள்வரை. பிறகு நசுங்கிய முகத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, புது மரத்துண்டை ஒட்டுவது. அக்ரூட் மரத்துக்கு அக்ரூட் துண்டுதான் வேண்டும் என்பதில்லை, கெட்டியாக இருக்க வேண்டும், நார் ஓட்டம் உதைக்கு நேராக இருக்க வேண்டும். பழைய வேங்கை நிலைக்கால் ஒன்றின் துண்டு அப்பாவிடம் இருந்தது. எங்கள் வீட்டிலேயே பல வருஷம் காய்ந்த மரம். அதைக் கொண்டுபோனேன். ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலையில் இதே லீ-என்ஃபீல்டுக்கு உள்ளூர் மரம் மெத்தென்று இருந்ததால் அந்த இடத்தில் செப்புத் தகடு பதித்தார்களாம். பாய் அதையும் சொன்னார். ஆனால் வேங்கைத் துண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுவே போதும்" என்றார்.

என் கைக்குப் பிடித்த வேலை அதற்கடுத்தது. மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தூக்கி, புகை கக்க விட்டு, இரும்பின் முகத்தை அதில் காட்டினால் கரி மெல்லிசாகப் படியும். அதை மரத்தில் பதித்து எடுத்தால் எங்கெங்கே தொடுகிறதோ அங்கே கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் உளி நுனியால் சுரண்டு. மறுபடி கரி, மறுபடி பதி. முதலில் ஒரு மூலையில் ஒரே புள்ளி. பிறகு இரண்டு மூன்று. கடைசியில் முகம் முழுக்கச் சாம்பல் நிறம் சமமாக விழும். இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் அப்படி விழ வேண்டும். ஒன்றில் மட்டும் விழுந்தால் உதை ஒரு பக்கமாக இறங்கி, குழல் திரும்பிவிடும். பாய் இரும்பில் அரை நாளில் முடிப்பார், மரத்தில் அவருக்குப் பொறுமை இல்லை. ஐயா ஸ்டூலில் இருந்து, "தம்பி, சாப்பிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டதாகப் பிறகு சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை.

மற்ற சில்லறைப் புகார்கள் சுலபம். தோட்டா மேகசினில் சிக்குவது ரைபிளின் குற்றமில்லை. இந்தத் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறினால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக வைத்து, விரலால் பின்னுக்குத் தள்ளாமல் விட்டால் தீர்ந்தது. ட்ரிகரை இலேசாக்கித் தரக் கேட்டார், பாய் மாட்டேன் என்றுவிட்டார். முதல் இழுப்பு, இரண்டாம் இழுப்பு என்று இரண்டு கட்டமாக வரும் அந்த ட்ரிகர் கைக்குப் பழகினால் நல்லது, இலேசாக்கினால் ஆபத்து.

சுத்தம் செய்வதில் ஐயா பாயைவிடக் கறார். பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகக் குழலுக்குள் படியும். சாப்பாட்டு உப்பு போலவே அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மலைக்காற்றில் ஒரு இரவு போதும், காலையில் துரு. எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, மேலே மூடத்தான் செய்யும். ஆகவே முதலில் கொதிக்கும் தண்ணீர், புனல் வைத்து. குழல் கையில் பிடிக்க முடியாத அளவு சூடாவதால் தண்ணீர் தானே உலர்ந்துவிடும். பிறகு காய்ந்த துணி, கடைசியில் துணியில் தொட்ட அளவு எண்ணெய். வைக்கும்போது வாய் கீழே. இந்தக் கடைசி விஷயம் மட்டும் அவருக்குப் புதிது.

எண்ணெயில் இன்னொரு ஆபத்து உண்டு, இதை ஐயாதான் சொல்லித்தந்தார். லீ-என்ஃபீல்டின் போல்ட் பூட்டுவது பின்பக்கத்தில். வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரைப் பிடித்துக்கொள்வதால்தான் போல்ட்டின் மேல் பாரம் குறைகிறது. அறையில் எண்ணெயோ மழைத்தண்ணீரோ இருந்தால் கூடு பிடிக்காமல் வழுக்கி, பாரம் முழுவதும் போல்ட்டில் இறங்கும். மழை நாளில் தோட்டாவைச் சட்டைப் பைக்குள் காய வைத்துச் சுட்ட கதைகள் அவரிடம் நிறைய.

வேங்கைத் துண்டு வைத்த பிறகு ஐந்து குண்டும் மூன்றங்குலத்துக்குள் வந்தன. ஏணி போய்விட்டது. ஆனால் சுத்தமான குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு மட்டும் ஒன்றரை அங்குலம் இடது மேலே தனியாகப் போகிறது. குழலில் இருக்கும் எண்ணெய்தான் காரணம் என்கிறார் பாய். அடுத்த முறை ஐயா காய்ந்த துணி விட்டுத் துடைத்துவிட்டுச் சுட்டார், பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு நான் முன்கட்டையின் நுனியைச் சந்தேகப்படுகிறேன். அங்கே மரம் குழலை அடியிலிருந்து கொஞ்சம் மேல்நோக்கித் தாங்க வேண்டும், இந்தக் கட்டையில் அது ஒரு பக்கமாகத் தாங்குகிறது, கரிப் புள்ளி இடது ஓரத்தில்தான் விழுகிறது. ஒரு மணி நேர உளி வேலை. பாய் தொட விடவில்லை. ஐயா இதுவரை கொடுத்திருப்பது ஐப்பசித் தாள்கள்தானாம். சித்திரைத் தாள் வரட்டும் என்கிறார்.